வண்டி யாரிடம் சொல்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இணைய வசதியோடு வரும் கார்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். யார் எங்கே போனார் என்பதுதான் பேச்சே என்பதால், கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

இரண்டு மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினோம். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. போன வாரம் பழைய உரிமையாளரின் மகன் போன் செய்து, "வண்டி பழனி அடிவாரத்துல நிக்குதே, சாமி தரிசனமா?" என்று கேட்டார். அன்று நாங்கள் பழனியில்தான் இருந்தோம். பயந்துபோய் டச் ஸ்கிரீனில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டேன். இது போதுமா? – வாசகி, திருப்பூர்

போதாது அம்மா. ரீசெட் அழித்தது ஸ்கிரீனுக்குள் இருந்ததை மட்டும்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் டெலிமாட்டிக்ஸ் யூனிட் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குச் சொந்தமாக ஒரு சிம், ஒரு ஜி.பி.எஸ். உண்டு. வண்டி நிற்கும் இடத்தை அது கம்பெனி சர்வருக்கு அனுப்புகிறது. அந்த சர்வரில் "இந்த சேசிஸ் நம்பர் இந்தக் கணக்குக்கு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி மாறாதவரை பழைய வீட்டாரின் ஆப்பில் உங்கள் வண்டி தெரிந்துகொண்டேதான் இருக்கும். பல மாடல்களில் அதே ஆப்பிலிருந்து கதவைத் திறக்கலாம், ஏ.சி. போடலாம். அதனால் இதை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

முதலில் அந்த அழைப்பின் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு காரின் செட்டிங்ஸில் கனெக்டட் சர்வீஸ் பக்கத்தைத் திறந்தால், பல வண்டிகளில் உரிமையாளரின் மொபைல் எண் பாதி மறைத்தபடி தெரியும். கடைசி இலக்கங்கள் உங்களுடையவை இல்லையென்றால் பழைய கணக்கு உயிரோடு இருக்கிறது. இப்போது கம்பெனியின் கஸ்டமர் கேருக்கே போன் செய்யுங்கள். வண்டி வாங்கிக் கொடுத்த டீலரிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், சர்வரில் மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆர்.சி., அதில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பர், அடையாளச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். கேட்க வேண்டியவை நான்கு: உரிமையாளர் மாற்றம், பழைய கணக்கை நீக்குவது, அதன் கீழ் சேர்த்திருக்கும் குடும்பத்தார் எல்லோரையும் நீக்குவது, போனையே சாவியாக்கும் டிஜிட்டல் கீ ஏதும் இருந்தால் ரத்து செய்வது. உங்களை அழைத்தவர் மகன் என்பதால் மூன்றாவதை அழுத்திக் கேளுங்கள். அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு மகனை விட்டுவைத்தால் பயன் இல்லை. புகார் எண்ணை வாங்கி, அதே விஷயத்தை அன்றைக்கே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

சிக்கல் வழக்கமாக இரண்டு இடத்தில் வரும். "ஓ.டி.பி. பழைய உரிமையாளருக்குத்தான் போகும், அவரிடம் கேளுங்கள்" என்பார்கள். பேச்சுவார்த்தை நன்றாக இருந்தால் அவரே ஆப்பில் வண்டியை டெலிட் செய்ய இரண்டு நிமிடம் போதும். இல்லையென்றால் ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதே ஆதாரம், விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள். இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. பழைய கணக்கு இருக்கும்போதே நீங்கள் புதிதாகச் சேர்ந்தால், சில ஆப்கள் உங்களை அவருக்குக் கீழே துணைப் பயனராகச் சேர்த்துவிடும். எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும், தலைமை அவரிடமே இருக்கும். பயனர் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே உரிமையாளர் என்று இருக்கிறதா, வேறு பெயர் எதுவும் இல்லையா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பழைய வீட்டார் வெளியில் வாங்கிய ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டியிருக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து கிளம்பும் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் போய் கேபிள் டையால் கட்டப்பட்டிருக்கும். கம்பெனி ஒயர்கள் துணி டேப்பில் சுற்றி ஒழுங்காகப் போகும். இது தனியாகத் தொங்குவதால் எலெக்ட்ரீஷியன் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

அந்த நபருக்கு "இனி வண்டியைப் பார்க்கவோ எங்களை அழைக்கவோ வேண்டாம்" என்று ஒரே ஒரு மெசேஜ் எழுத்தில் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 78ஆவது பிரிவைச் சொல்லிக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அந்த மெசேஜ்தான் கைகொடுக்கும்.

நான் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஐந்து வருடம் ஓட்டிய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறேன். எதையெல்லாம் அழிக்க வேண்டும்? – வாசகர், மதுரை

வரிசை முக்கியம். முதலில் போனில் ஆப்பைத் திறந்து வண்டியை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். ஆப்பை மட்டும் அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கு அப்படியே இருக்கும், மேலே திருப்பூர் வாசகிக்குத் தொல்லை வந்ததும் பழைய கணக்கு அப்படியே இருந்ததால்தான். நீக்கும்போது வண்டிக்கு சிக்னல் இருக்க வேண்டும், அதனால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்று செய்யாதீர்கள். அடுத்து காரின் ஸ்கிரீனில் கூகுள் கணக்கோ வேறு கணக்கோ போட்டிருந்தால் வெளியேறுங்கள். நேவிகேஷனில் வீடு, ஆபீஸ் என்று சேமித்தவற்றை அழியுங்கள். ப்ளூடூத் பட்டியலில் இருக்கும் எல்லா போன்களையும் நீக்கிவிட்டு, கடைசியாக ஃபேக்டரி ரீசெட்.

ப்ளூடூத்தில் இணைத்த போனின் கான்டாக்ட்டும் கால் ஹிஸ்டரியும் பல கார்களின் மெமரிக்கே நகலாகிவிடும். போனைத் துண்டித்த பிறகும் அது உள்ளே கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கவே தனிக் கருவிகள் இருக்கின்றன, வெளிநாட்டுப் போலீஸ் துறைகள் விசாரணையில் பயன்படுத்துகின்றன. புது வண்டியில் இந்த நகலை ஆரம்பத்திலேயே தடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனின் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தட்டினால் கான்டாக்ட், கால் ஹிஸ்டரி பகிர்வுக்கான ஸ்விட்ச் இருக்கும். ஐபோனில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தட்டினால் சிங்க் கான்டாக்ட்ஸ். அணைத்தாலும் பாட்டு கேட்கலாம், போன் பேசலாம். அழைப்பவரின் பெயருக்குப் பதில் நம்பர் தெரியும், அவ்வளவே.

டேஷ்கேமின் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கை வங்கியில் மூடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் எந்த டோல்கேட் தாண்டினாலும் எஸ்.எம்.எஸ். உங்களுக்கு வரும், பணமும் உங்கள் கணக்கிலிருந்து போகும். கார் சிம்முக்கான கே.ஒய்.சி.யும் உங்கள் பெயரில் இருக்கலாம். வண்டி கைமாறியதை ஆர்.டி.ஓ.வுக்கு ஃபார்ம் 29இல் சொல்வதுபோல கம்பெனிக்கும் மெயிலில் தெரிவித்துவிடுங்கள்.

புதிதாக மின்சார எஸ்.யு.வி. எடுத்தோம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா, உள்கண்ணாடிக்கு மேலே இன்னொன்று. என் மனைவி இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். இப்போது எச்சரிக்கை மணி ஓயவில்லை. எங்களைப் படம் பிடித்து அனுப்புகிறார்களா? – வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு கேமராவும் ஒரே வேலை செய்வதில்லை, அதனால் பிளாஸ்திரியையும் ஒன்றில் எடுத்து ஒன்றில் விடலாம்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பது தூக்கத்தையும் கவனச் சிதறலையும் பார்ப்பது. கட்டைவிரல் நகத்தளவு கறுப்பு ஜன்னல், உள்ளே லென்ஸ், பக்கத்தில் அகச்சிவப்பு விளக்குகள். பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம் என்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது. இரவில் போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பார்த்தால் பல போன்களில் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும். நொடிக்கு 30 முதல் 60 படம் எடுத்து, இமை எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எந்தப் பக்கம், பார்வை எங்கே என்று எண்களாக மாற்றுகிறது. கண்மணியை இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்த நேரம் எவ்வளவு என்பது தூக்கத்துக்கான முக்கியமான அளவு. இந்தக் கணக்கு எல்லாம் வண்டிக்குள் இருக்கும் சிப்பிலேயே நடக்கிறது. முகத்தின் வீடியோவை நாள் முழுக்க அனுப்ப டேட்டாவும் பணமும் ஏகத்துக்குச் செலவாகும். எச்சரிக்கை எத்தனை மணிக்கு அடித்தது என்ற சின்னக் குறிப்பை அனுப்புவதற்கு ஒன்றுமே ஆகாது. ஆகவே தனியுரிமைக் கொள்கையில் தேட வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.

ஐரோப்பிய யூனியனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. தூக்க எச்சரிக்கை 2024 ஜூலையிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். கவனச் சிதறல் எச்சரிக்கை அதே மாதம் புது மாடல்களுக்கு வந்தது, எல்லாப் புது வண்டிகளுக்கும் 2026 ஜூலை. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது 3.5 நொடி பார்வை கீழே இருந்தால் எச்சரிக்க வேண்டும். அந்த 3.5 நொடியில் வண்டி 48 மீட்டர் ஓடியிருக்கும். இந்தத் தகவல் வண்டிக்குள்ளேயே சுழல வேண்டும், மூன்றாம் ஆளுக்குத் தரக்கூடாது, கணக்கு முடிந்ததும் உடனே அழிய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. நம் ஊரில் விற்கும் வண்டியை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

இந்தக் கேமராவில் ஒட்டியதை எடுத்துவிடுங்கள். மறைந்திருந்தால் வண்டி அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளும், சில மாடல்களில் முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் க்ரூஸ் போன்ற வசதிகளும் மறுக்கும். பசை ஒட்டியிருந்தால் லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணி போதும், தின்னர் வேண்டாம். எடுத்த பிறகும் தேவையில்லாமல் மணி அடித்தால் ஸ்டியரிங்கின் உயரத்தைப் பாருங்கள், வளையம் பாதி லென்ஸை மறைத்திருக்கும். அகச்சிவப்பைத் தடுக்கும் கூலிங் கிளாஸ், புருவம் வரை இறங்கிய தொப்பி, மாலை வெயிலுக்கு எதிரே கண்ணைச் சுருக்குவது எல்லாமே அதற்குக் குழப்பம்தான். ஸ்பீடோமீட்டரில் காபி கப் மட்டும் காட்டும் வண்டிகளில் பெரும்பாலும் முகக் கேமராவே கிடையாது, ஸ்டியரிங் திருப்பும் விதத்தை வைத்துக் கணிப்பவை அவை.

உள்கண்ணாடிக்கு மேலே இருப்பது செல்ஃபிக்கும் வீடியோ காலுக்கும் என்றால் அது வேறு விஷயம். வீடியோவாகவே பதிந்து அனுப்பக்கூடிய கேமரா அது. லேப்டாப்புக்கு விற்கும் தள்ளும் மூடி ஒன்று வாங்கி ஒட்டுங்கள், மெனுவில் டேட்டா பகிர்வையும் அணையுங்கள். டெஸ்லாவில் வாடிக்கையாளர் வண்டிக் கேமராக்களில் பதிவான அந்தரங்கக் காட்சிகளை 2019 முதல் 2022 வரை ஊழியர்கள் சிலர் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2023 ஏப்ரலில் வெளியிட்டது. உங்கள் மனைவியின் பயம் ஆதாரமில்லாததல்ல. ஆனால் அந்தப் பயத்தில் பாதியை எடுத்து இடம் காட்டும் சிம் மேல் வையுங்கள். எந்த டாக்டர் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை முகக் கேமரா சொல்லாது, சிம் சொல்லும்.

பத்து வருடமாக ஒரு டிராஃபிக் அபராத டிக்கெட்கூட வாங்கியதில்லை. ஆனாலும் கார் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறிவிட்டது. நாம் ஓட்டும் விவரத்தைக் கார் கம்பெனியே விற்கிறது என்கிறார்களே, உண்மையா? – வாசகர், டாலஸ்

அமெரிக்காவில் நடந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆன்ஸ்டார் ஸ்மார்ட் டிரைவர் திட்டத்தில் சேர்ந்தவர்களின் ஓட்டத் தகவல் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் ஆகிய தகவல் வியாபார நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனதை நியூயார்க் டைம்ஸ் 2024 மார்ச்சில் வெளிக்கொண்டு வந்தது. செவ்ரோலே போல்ட் ஓட்டிய ஒருவருக்கு பிரீமியம் 21 சதவீதம் ஏறியிருக்கிறது. அவர் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினால் 258 பக்கம், ஆறு மாதத்தில் போன 640 பயணங்கள். கிளம்பிய நேரம், முடிந்த நேரம், தூரம், எத்தனை முறை திடீர் பிரேக், எத்தனை முறை வேகம் மீறல் என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தது. தான் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததே தெரியாது என்று பலர் சொன்னார்கள். ஷோரூமில் வண்டி எடுக்கும் அவசரத்தில் ஸ்கிரீனைத் தட்டிய ஒரு தட்டுதான் சம்மதம். வண்டியின் இடத்தை மூன்று நொடிக்கு ஒருமுறை வரை பதிந்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. குற்றம்சாட்டியது. இடத்தையும் ஓட்டும் விதத்தையும் இத்தகைய நிறுவனங்களுக்கு ஐந்து வருடம் தரக்கூடாது என்ற உத்தரவை 2025 ஜனவரியில் அறிவித்தது.

எவ்வளவுக்கு விற்றார்கள் என்பதுதான் மனதுக்குக் கசக்கிறது. ஹோண்டா வெரிஸ்க்குக்குக் கொடுத்தது சுமார் 97,000 வண்டிகளின் தகவல், கணக்குப் பார்த்தால் ஒரு வண்டிக்கு 26 சென்ட். ஹூண்டாய் 17 லட்சம் வண்டிகள், வண்டிக்கு 61 சென்ட். செனட்டர்கள் ரான் வைடன், எட் மார்க்கி இருவரும் 2024 ஜூலையில் எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: லெக்சிஸ்நெக்சிஸ் ரிஸ்க் சொல்யூஷன்ஸிடம் கன்ஸ்யூமர் டிஸ்க்ளோஷர் ரிப்போர்ட் கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். அதில் டெலிமாட்டிக்ஸ் பகுதியைத் தேடுங்கள். பயணங்கள் இருந்தால் எந்தக் கம்பெனி தந்தது என்பதும் இருக்கும். தவறானவை இருந்தால் எதிர்ப்பு தெரிவியுங்கள், பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் தர வேண்டும். அந்த அறிக்கையை வைத்துத்தான் பிரீமியத்தை ஏற்றினார்கள் என்றால், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருக்கலாம், தேடிப் பாருங்கள். வெரிஸ்க் இந்த ஓட்டத் தகவல் வியாபாரத்தை 2024இல் நிறுத்திவிட்டது.

காரை மட்டும் பார்த்தால் போதாது. போனில் உள்ள சாதாரண ஆப்களுக்குள்ளும் ஓட்டத்தை அளக்கும் மென்பொருளை நுழைத்ததாக இன்சூரன்ஸ் கம்பெனியான ஆல்ஸ்டேட், அதன் துணை நிறுவனமான ஆரிட்டி மீது உங்கள் டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரலே 2025 ஜனவரியில் வழக்குப் போட்டார். இருப்பிட அனுமதி எப்போதும் என்று எந்தெந்த ஆப்பில் இருக்கிறதோ அதையெல்லாம் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றுங்கள்.

இவ்வளவு எதற்கு, அந்த சிம்மின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் என்ன? – வாசகர், நாகர்கோவில்

பிடுங்கலாம், வண்டி ஓடும். ஆனால் சில கூடவே போகும். விபத்தில் தானாகப் போன் செய்யும் எஸ்.ஓ.எஸ். போகும். காற்றிலேயே வரும் சாஃப்ட்வேர் அப்டேட் நிற்கும், மின்சார காரில் பேட்டரி சம்பந்தமான திருத்தங்களும் அதில் அடக்கம். சில டொயோட்டா மாடல்களில் போன் பேசும் மைக்கும் முன்பக்க ஸ்பீக்கர் ஒன்றும் இதே யூனிட் வழியாகத்தான் ஒயரிங் ஆகியிருக்கின்றன, ஃபியூஸ் எடுத்தால் அவையும் ஊமை. அதே ஃபியூஸில் வேறு எதுவும் இருக்கிறதா என்று ஓனர் மேனுவலில் பார்க்காமல் தொடாதீர்கள்.

ஃபியூஸை எடுத்த உடனே யூனிட் செத்துவிடுவதும் இல்லை. எஸ்.ஓ.எஸ்.ஸுக்காக உள்ளேயே சின்ன பேட்டரி வைத்த யூனிட்டுகள் உண்டு. சிக்னல் இல்லாதபோது நடந்ததை மெமரியில் சேர்த்து வைத்து, திரும்பக் கிடைத்ததும் மொத்தமாக அனுப்புபவையும் உண்டு. ஒரு பயணத்துக்கு மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பச் சொருகினால் அந்தப் பயணம் மறைந்துவிடும் என்று நம்ப முடியாது. கூரை மேல் உள்ள சுறாத் துடுப்பு ஆன்டெனாவின் ஒயரைக் கழற்றுவது அதைவிட மோசம். யூனிட் ஓயாமல் சிக்னலைத் தேடி 12 வோல்ட் பேட்டரியை இறக்கிவிடலாம், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வாரன்டியில் இருக்கும் வண்டிக்கு நாங்கள் சொல்வது எழுத்தில் கேட்கும் வழி. "என் வண்டியின் டெலிமாட்டிக்ஸ் சேவையை நிறுத்துங்கள், தகவல் சேகரிப்பையும் நிறுத்துங்கள்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி மெயில் அனுப்புங்கள். மூன்று வருட இலவச சந்தா முடிந்தால் உங்களுக்கு ஆப் வேலை செய்யாது, சிம் பேசுவதும் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

வண்டியின் கோளாறுகளைப் போனில் காட்டும் 500 ரூபாய் ப்ளூடூத் ஓ.பி.டி. டாங்கிள் சொருகி வைத்திருக்கிறேன். ஆபத்தா? – வாசகர், சேலம்

சோதித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். விலை குறைந்த டாங்கிள்கள் 1234 அல்லது 0000 என்ற பின் நம்பரோடு வருகின்றன, பக்கத்தில் நிற்பவரே இணைத்துவிடலாம். இணைந்தவருக்கு வண்டியின் உள் நெட்வொர்க்கே எதிரில் இருக்கும். வண்டி நிற்கும்போதும் மின்சாரம் இழுப்பதால் வாரக்கணக்கில் எடுக்காத வண்டியில் பேட்டரி இறங்கும். ஆப்பைப் பொறுத்தவரை, ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை ப்ளூடூத் தேடவே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது, அதனால் அந்த ஆப்கள் கேட்டதில் தவறில்லை. 12 முதல் அருகிலுள்ள சாதனங்கள் என்ற தனி அனுமதியே போதும். புதுப் போனிலும் இருப்பிடம், கான்டாக்ட் என்று கேட்கும் ஆப்பை நீக்கிவிட்டு வேறு போடுங்கள்.

கால் டாக்ஸி ஓட்டுகிறேன். முதலாளி ரோட்டையும் என்னையும் பார்க்கிற டேஷ்கேம் மாட்டியிருக்கிறார். தண்ணீர் குடித்தால் சிகரெட் என்று அலாரம். அதற்கு ஃபைன் வேறு பிடிக்கிறார். நான் பேசுவதையும் கேட்பாரா? – வாசகர், சென்னை

உங்கள் வண்டியில் இரண்டு கருவிகள் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏ.ஐ.எஸ். 140 ஜி.பி.எஸ்.ஸும் பேனிக் பட்டனும் வாடகை வண்டிக்கு அரசு விதி. அதன் ஒயரில் கை வைத்தால் எஃப்.சி.யில் மாட்டுவீர்கள். டேஷ்கேம் முதலாளி தன் விருப்பத்தில் வைத்தது.

கேட்க முடியுமா என்பதை நீங்களே பார்க்கலாம். கேமரா உடலில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருந்தால் மைக். ஸ்கிரீன் உள்ள மாடலில் மைக் படம் சிவப்புக் கோடு இல்லாமல் இருந்தால் ஒலி பதிகிறது. சிம் உள்ள கேமரா என்றால் முதலாளியின் போனிலேயே நேரடியாகக் கேட்கலாம், கார்டு மட்டும் உள்ளது என்றால் கார்டைக் கழற்றினால்தான். இரண்டு பக்கமும் 1080பி-யில் பதிந்தால் 64 ஜி.பி. கார்டு ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் நிரம்பி, பழையதன் மேல் புதியது பதியும். அதிர்ச்சி உணரும் ஜி-சென்சார் பூட்டிய துண்டுகள் மட்டும் அழியாது. நம் ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் அது பூட்டிக்கொண்டே போனால் கார்டு நிறைந்து, விபத்து நடக்கிற நேரத்தில் பதியாமல் போகும். சென்சாரை லோ என்று வைக்கச் சொல்லுங்கள், இது முதலாளிக்கும் நல்லது.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாவது பிரிவு (2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருவது), வேலைக்காகவும் நஷ்டத்தைத் தடுக்கவும் ஊழியரின் தகவலைச் சம்மதம் இல்லாமலேயே பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. அதனால் உங்களைப் பார்ப்பதையே எதிர்த்து வாதாடுவது கடினம். பின்சீட்டில் இருக்கும் பயணி அவருடைய ஊழியர் இல்லை. அவர் வீட்டு விஷயம் பேசுவதைப் பதிய அந்தப் பிரிவு உதவாது. இந்தப் பிடியை வைத்துப் பேசுங்கள்: ஒலியை அணைக்க வேண்டும், கேமரா இருப்பதைச் சொல்லும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஃபைனைப் பொறுத்தவரை, கையை முகத்தருகே கொண்டு போவதையெல்லாம் இந்தக் கேமராக்கள் போன், சிகரெட் என்று எடுத்துக்கொள்வது தெரிந்த குறை. அலாரம் எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பணம் பிடிப்பது நியாயமே இல்லை. ஒவ்வொரு அலாரத்துக்கும் சில நொடி வீடியோ சேமிக்கப்பட்டிருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் அதில் தெளிவாகத் தெரியும்.

ஃபோக்ஸ்வேகன் மின்சார கார் வைத்திருக்கிறேன். 2024இல் கசிந்த தகவலில் என் வண்டியும் இருந்திருக்குமோ? – வாசகி, ஃபிராங்க்ஃபர்ட்

2024 டிசம்பரில் ஜெர்மன் இதழான டேர் ஷ்பீகலும் ஹேக்கர்கள் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பும் வெளியிட்ட அந்தச் சம்பவத்தில், ஃபோக்ஸ்வேகனின் மென்பொருள் நிறுவனமான கேரியாட் அமேசான் கிளவுடில் வைத்திருந்த சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தகவல் பூட்டாமல் திறந்து கிடந்தது. அதில் 4,60,000 வண்டிகள் எங்கே நின்றன என்பதும் இருந்தது. ஃபோக்ஸ்வேகன், சேயாட் வண்டிகளுக்குப் பத்து சென்டிமீட்டர் துல்லியம், ஆடி, ஸ்கோடாவுக்குப் பத்து கிலோமீட்டர். பத்து சென்டிமீட்டர் என்றால் எந்த வீட்டு வாசல் என்பது மட்டுமில்லை, வாசலில் எந்தப் பக்கம் என்பதே தெரியும்.

ஐரோப்பிய யூனியனின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 15ஆவது பிரிவின்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேளுங்கள், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். வண்டியின் எண்ணைக் குறிப்பிட்டு, இருப்பிடத் தகவல் எத்தனை நாள் வைக்கிறார்கள், யாருக்குத் தருகிறார்கள் என்று தனித்தனிக் கேள்வியாகக் கேட்டால் பொதுவான பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. கார் ஸ்கிரீனின் தனியுரிமைப் பக்கத்தில் இருப்பிடத்தை அனுப்பாத நிலைக்கு மாற்றலாம். கார் எங்கே நிற்கிறது என்று ஆப்பில் காட்டாது.

அடுத்த வாரம் புதுக் கார் டெலிவரி. ஆப், கணக்கு எல்லாம் ஷோரூம் தம்பியே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். விடலாமா? – வாசகி, திருச்சி

வேண்டாம். மாலை போட்டு, சாவி வாங்கி, படம் எடுக்கிற பரபரப்பில்தான் எல்லாச் சம்மதமும் கைமாறுகிறது. சேல்ஸ்மேன் தன் போனில் ஆப்பைத் திறந்து, எல்லோருக்கும் போடும் அதே நாலு இலக்க பின்னைப் போட்டுத் தருவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்த பின்னில்தான் கதவு திறக்கிறது.

முந்தின நாளே ஆப்பை உங்கள் போனில் இறக்கி, உங்கள் எண்ணில் கணக்கு தொடங்கிவிடுங்கள். டெலிவரி அன்று சேசிஸ் நம்பரைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. சம்மதப் பக்கம் வரும்போது, சேவைக்கு அவசியமானது ஒன்றும் விளம்பரம், கூட்டாளி நிறுவனங்கள், ஓட்டும் முறை மதிப்பீடு என்று வேறு சிலவும் இருக்கும். முதலாவதை மட்டும் டிக் செய்தாலும் எஸ்.ஓ.எஸ்.ஸும் இருப்பிடமும் வேலை செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் தள்ளுபடி தருகிறோம் என்று ஓட்டும் முறையை அளக்கக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். 2022 ஜூலையிலிருந்து இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்திருக்கும் இந்த வகை பாலிசிகளில், ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவையும் உண்டு. வருடத்துக்குக் குறைவாக ஓட்டுபவருக்கு அதுவே போதும், பிரேக்கையும் இடத்தையும் கொடுக்கத் தேவையில்லை.

மேலே சொன்ன 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. தகவலைக் காட்டு, திருத்து, அழி என்று கேட்கும் உரிமை உள்ளிட்ட பெரும்பகுதி 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகிறது. அன்றைக்கு, எதற்குச் சம்மதித்தீர்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கும். சம்மதப் பக்கத்தை டிக் செய்த நிலையிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, டெலிவரி பில்லோடு சேர்த்து வையுங்கள். ஷோரூமில் கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில் டேட்டா சம்மதம் என்று தனித்தாள் ஒன்று இருந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன் அதன் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.